பாவனையாளர் குரல்: மின்குமிழ் முதல் இணையம் வரை

ஆசிரியர் ஓய்வறையில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்றுண்டு. தவணைக் கடனில் வாங்கிய கைத்தொலைபேசி கடன் தீருமுன்னரே தளர்ந்துவிட்டது. திருத்துபவரிடம் கொண்டு சென்றால், "இதைத் திருத்துகிற காசுக்குப் புதிசு ஒன்று வாங்கலாம், சேர்" என்று கையை விரிக்கிறார். ஒருவர் கம்பனியைத் திட்டுகிறார். இன்னொருவர் தம் விதியை நோகிறார். மூன்றாமவர் வேறொரு கம்பனியின் பெயரைச் சிபாரிசு செய்கிறார். அதற்குள் மணி அடித்துவிடுகிறது. நாம் வகுப்புக்குப் போகிறோம். முறைப்பாடு தேநீர்க் கோப்பையோடு மேசையிலேயே கிடந்துவிடுகிறது.

இம் முணுமுணுப்புக்கு வரலாற்றில் ஏதேனும் இடமுண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. கைத்தொழில் யுகத்தின் வரலாற்றை எழுதியோர் புதியன கண்டுபிடித்தவனைப் பற்றி எழுதினர். முதலிட்டவனைப் பற்றி எழுதினர். முற்போக்குச் சிந்தனை வேரூன்றிய பின்னர் உழைத்தவனைப் பற்றியும் எழுதினர். வாங்கியவனோ பெரும்பாலும் விற்பனைக் கணக்கில் ஓர் இலக்கமாகவே நின்றுவிட்டான். இடதுசாரிச் சிந்தனையுடைய நாமும் இவ்விடயத்தில் குற்றமற்றவர் அல்லேம். நுகர்வு பற்றிய பேச்சை நடுத்தர வர்க்கத்தாரின் சௌகரியம் பற்றிய பேச்செனக் கருதி ஒதுக்கிவிட்டோம். ஆயின், பகலிலே தன் உழைப்பை விற்பவனே மாலையிலே கடை வாசலில் நின்று பொருளை வாங்குகிறான். கூலிப் போராட்டத்தில் வென்றெடுத்ததை அவன் விலையிலும் தரத்திலும் இழந்துவிட நேர்வதுண்டு.

தொழில்நுட்பக் கம்பனிகள் வெளியிடும் புதிய பொருள்களைப் பற்றியும் அவை எடுக்கும் வணிகத் தீர்மானங்களைப் பற்றியும் மக்கள் கொண்ட கருத்து எப்போது முணுமுணுப்பாக ஒழிந்தது, எப்போது அத்தீர்மானங்களை மாற்றும் வலிமை பெற்றது என்பதை மூன்று நிகழ்ச்சிகளின் வழியே நோக்குவோம். முதலாவது, 1920களின் மின்குமிழ். இரண்டாவது, 1994ஆம் ஆண்டின் கணினி நுண்செயலி. மூன்றாவது, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் எழுந்த இணையப் போராட்டம்.

மின்குமிழ் இன்று நமக்கு அற்பப் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது உயர்ந்த தொழில்நுட்பத்தின் உருவமாக விளங்கிற்று. அதனை ஆக்குவதற்கு ஆய்வுகூடமும் காப்புரிமையும் பெருமுதலும் வேண்டியிருந்தன. ஆகவே சில கம்பனிகளே அத்துறையை ஆண்டன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கம்பனிகளிடையே கடும் போட்டி மூண்டது. போட்டியினால் விலை குறையும், தரம் உயரும் என்று பொருளியற் பாடநூல்கள் கூறும். கம்பனிகள் கண்ட வழி வேறு. 1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜேர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ், அங்கேரியின் துங்ஸ்ராம் முதலிய கம்பனிகளின் பிரதிநிதிகள் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கிரேக்கரின் ஒளிக் கடவுளுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றாகிய 'பீபஸ்' என்பதை அக்கூட்டமைப்புக்குச் சூட்டினர். ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி, தன் நாட்டு ஏகபோகத் தடைச் சட்டங்களை முன்னிட்டு நேரடி உறுப்புரிமை பெறாதபோதிலும், தன் வெளிநாட்டுத் துணைக் கம்பனிகளின் வழியே அதனுள் இருந்தது.

கூட்டமைப்பு உலகச் சந்தையைப் பங்கிட்டது. எந்த நாட்டில் எவர் விற்பது, ஆண்டொன்றுக்கு எவ்வளவு விற்பது என்பன வரையறுக்கப்பட்டன. காப்புரிமைகள் உறுப்பினரிடையே பகிரப்பட்டன. இவற்றோடு இன்னொரு தீர்மானமும் எடுக்கப்பட்டது. அதுகாறும் 1,500 முதல் 2,000 மணித்தியாலம் வரை எரிந்த குமிழ்கள் இனி 1,000 மணித்தியாலமே எரிதல் வேண்டும் என்பதே அது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொழிற்சாலைக் குமிழ்களின் மாதிரிகளைச் சுவிற்சர்லாந்திலிருந்த மத்திய ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். வரையறுத்த காலத்தைக் கடந்து குமிழ் எரிந்தால் அதனை ஆக்கிய கம்பனிக்குத் தண்டம். நீடித்து உழைக்கும் பொருளை ஆக்கியமைக்காகத் தண்டம் இறுக்க நேர்ந்த விந்தையை இங்கே காண்கிறோம். 1926ஆம் ஆண்டில் 1,800 மணித்தியாலமாக இருந்த சராசரி ஆயுள், 1933-34ஆம் ஆண்டளவில் 1,205 மணித்தியாலமாக இறங்கிற்று என்பது ஒஸ்ராம் கம்பனியின் பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர் கண்ட முடிவு.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைக் கூறல் வேண்டும். குமிழின் ஆயுளுக்கும் ஒளிக்கும் இடையே ஓர் இழுபறி உண்டு. இழையின் வெப்பநிலையைத் தாழ்த்தினால் குமிழ் நெடுங்காலம் எரியும். ஆனால் அதே மின்சாரத்துக்குக் குறைந்த ஒளியையே தரும். வெப்பநிலையை உயர்த்தினால் வெளிச்சம் மிகும், ஆயுள் சுருங்கும். 1951ஆம் ஆண்டில் மின்குமிழ் வணிகத்தை ஆராய்ந்த பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு, ஆயிர மணித்தியால வரம்பு விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் மட்டும் வகுக்கப்பட்டதென்னும் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எனவே, கம்பனிகளின் பொறியியலாளர் தம் பக்கத்தில் ஒரு நியாயத்தைக் காட்ட இயலும். ஆனால் எமது வினா வேறு. மின்கட்டணம் மிகுந்த ஊரிலே ஒருவனுக்கு வெளிச்சம் மிகுந்த குமிழ் இலாபமாயிருக்கலாம். கொல்லைப்புறத்து விளக்கு அணையாதிருந்தாற் போதும் என்னும் இன்னொருவனுக்கு நெடுங்காலக் குமிழே உகந்ததாயிருக்கலாம். எது வேண்டும் என்பதை அவ்விருவருமே தீர்மானித்திருக்க வேண்டும். அவர்களைக் கேளாது, அவர்களுக்கு அறிவியாது, அடைத்த அறையிலே அத்தீர்மானம் எடுக்கப்பட்டமையே குற்றம். குமிழ் எரிந்து போனதை வீட்டுப் பெண் அறிவாள். அது எப்போது எரிந்து போதல் வேண்டும் என்று தண்டப் பட்டியலோடு எழுதிவைக்கப்பட்டதை அவள் எவ்வாறு அறிவாள்? அறியாத விடயத்தைப் பற்றி எவருக்கும் கருத்து இருக்க இயலாது. கடைக்காரனை நொந்துகொண்டு அவள் அடுத்த குமிழை வாங்கியிருப்பாள்.

ஆயினும் ஒரு நாட்டில் மக்கள் வாளாவிருக்கவில்லை. சுவீடன் நாட்டின் கூட்டுறவுச் சங்கங்கள் 1899ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து 'கோப்பரேட்டிவா பேர்புண்டெட்' என்னும் சமாசத்தை நிறுவியிருந்தன. தொழிலாளரும் சிறு விவசாயிகளும் தத்தம் சங்கக் கடைகளின் உறுப்பினராய் அச்சமாசத்தின் உடைமையாளராயினர். மாஜரீன் உற்பத்தியாளர் கூடி விலையை உயர்த்தியபோது, சமாசம் 1921ஆம் ஆண்டில் தானே ஒரு மாஜரீன் தொழிற்சாலையை எடுத்து நடத்திற்று. மாவாலை முதலாளிகளின் கூட்டணியையும் தன் சொந்த ஆலையாலேயே எதிர்த்தது. குளிர்நாட்டு மக்களுக்கு இன்றியமையாத இறப்பர் மேற்காலணி விடயத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது.

1920களின் பிற்பகுதியில் அச்சமாசத்தின் கவனம் மின்குமிழின் மீது திரும்பிற்று. அல்பின் ஜோஹான்சன் என்பார் அப்போது சமாசத்தின் தலைமையில் இருந்தார். அயல்நாடுகளில் விற்கும் விலையையும் உற்பத்திச் செலவையும் ஒப்பிட்டு நோக்கிய கூட்டுறவாளர், தம் நாட்டு மக்களிடம் கொள்ளை விலை வாங்கப்படுகிறது என்னும் முடிவுக்கு வந்தனர். வந்ததும் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. குமிழ்த் தொழிற்சாலை ஒன்றை நாமே நிறுவுவோம் என்று அறிவித்தனர். அறிவிப்பு வெளிவந்ததுமே விலை இறங்கத் தொடங்கிற்று. எனினும் அவர்கள் பின்வாங்கவில்லை. ஸ்டொக்ஹோம் நகரில் எழுந்த 'லூமா' தொழிற்சாலை 1931ஆம் ஆண்டளவில் குமிழ்களை வெளியிட்டது. கூட்டமைப்பின் பழைய விலையிலும் மிகக் குறைந்த விலைக்கு அவை விற்பனையாயின. நோர்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளின் கூட்டுறவாளரும் இம்முயற்சியிற் பங்காளராகினர்.

லூமாவின் வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஜேர்மன் வீட்டுக்காரியும் சுவீடிஷ் வீட்டுக்காரியும் ஒரே குமிழைப் பற்றி ஒரே விதமாகவே குறைபட்டிருப்பர். இருவர் கருத்திலும் வேற்றுமை இல்லை; வேற்றுமை கருத்தின் பின்னே நின்ற அமைப்பில் இருந்தது. சுவீடிஷ் பெண்ணின் முறைப்பாடு சங்கக் கூட்டத்துக்குப் போயிற்று. அங்கே கணக்குப் பார்ப்போர் இருந்தனர். கணக்கு முடிந்ததும் ஆலை எழுப்பப் பணம் இருந்தது. இதனை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் சங்கக்கடை கண்டவர் நாம். கூட்டுறவினால் மூளாயில் ஒரு மருத்துவமனையையே எழுப்பிய மரபுக்கு உரியவர் நாம். அச்சங்கக்கடைகளை வெறும் கூப்பன் கடைகளாகவும் பங்கீட்டு வரிசைகளாகவும் மட்டும் நினைவுகூர்வது நம் வரலாற்றுக்கு நாமே இழைக்கும் அநீதியாகும்.

பீபஸ் கூட்டமைப்பு இரண்டாம் உலகப் போரோடு சிதைந்தது. 1949ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி மின்குமிழ் வணிகத்தில் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியதெனத் தீர்த்தது. 1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் பாவனையாளருக்கு நான்கு உரிமைகள் உண்டெனக் கூறினார். பாதுகாப்புப் பெறும் உரிமை, தகவல் பெறும் உரிமை, தெரிவு செய்யும் உரிமை, தம் குரல் கேட்கப்படும் உரிமை என்பன அவை. 1985ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை பாவனையாளர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அமைந்தது. உரிமைகள் ஏட்டில் ஏறின. ஏட்டிலேறிய உரிமைகள் நடைமுறையில் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதற்கு இரண்டாம் நிகழ்ச்சி தக்க சான்று.

இன்டெல் கம்பனி 1993ஆம் ஆண்டில் 'பென்டியம்' என்னும் நுண்செயலியை வெளியிட்டது. கணினியின் மூளை எனத்தகும் இவ்வுறுப்பை அதுகாறும் பொதுமக்கள் பெயரறிந்து வாங்கியதில்லை. 1991ஆம் ஆண்டு தொடக்கம் கம்பனி பெரும்பொருள் செலவிட்டு, கணினியின் உள்ளே தன் நுண்செயலி இருப்பதை விளம்பரஞ் செய்து, தன் பெயரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியிருந்தது. அவ்விளம்பரமே பின்னர் அதற்கு வினையாய் முடிந்தது.

வேர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பேர்க் கல்லூரியில் கணிதம் கற்பித்த தோமஸ் நைஸ்லி என்னும் பேராசிரியர், இரட்டை முதன்மை எண்களின் தலைகீழ்ப் பின்னங்களைக் கூட்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1994ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் கணக்கில் ஒரு பிசகைக் கண்டார். நல்ல ஆசிரியனின் இயல்புப்படி முதலிலே தம்மையே ஐயுற்றார். நிரலைச் சோதித்தார்; கணினியின் ஏனைய உறுப்புகளைச் சோதித்தார்; மாதக்கணக்கில் முயன்று, தவறு நுண்செயலியின் வகுத்தலிலேயே உள்ளது எனத் தெளிந்தார். 4,195,835ஐ 3,145,727ஆல் வகுத்தால் 1.33382 என வரவேண்டும், பென்டியமோ 1.33374 என்றது. வகுத்தலுக்கு உதவும் பொருட்டு நுண்செயலியினுள்ளே பதிக்கப்பட்ட அட்டவணையிற் சில கட்டங்கள் வெறுமையாய் விடப்பட்டமையே காரணம். ஒக்டோபரில் அவர் கம்பனிக்கு அறிவித்தார். தக்க மறுமொழி கிட்டாதபோது சக ஆய்வாளர்க்கு மின்னஞ்சல் எழுதினார். செய்தி இணைய வழியே பரந்து, நவம்பரிலே தொலைக்காட்சிக்கும் ஏறிற்று.

கம்பனி இக்குறையை நைஸ்லி சொல்லுமுன்னரே அறிந்திருந்தது, அறிந்தும் அறிவியாதிருந்தது. குறை வெளிப்பட்ட பின்னர், சாதாரணப் பாவனையாளர் ஒருவர் இத்தவறை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே எதிர்கொள்வார் என விளக்கிற்று. நுட்பமான கணக்குச் செய்யும் தேவையுண்டென நிரூபிப்போருக்கு மட்டும் நுண்செயலியை மாற்றித் தருவதாகக் கூறிற்று. மக்கள் கொதித்தது இவ்விடத்திலேதான். பிழையான பொருளை விற்றவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து, வாங்கியவனை நோக்கி, "உனக்குச் சரியான விடை எதற்கு?" என்று வினவினான். தவணைப் பரீட்சையில் வகுத்தலைப் பிழையாகச் செய்த மாணவன், "இக்கணக்கு எப்போதாவதுதானே வரும், சேர்" என்றால் நாம் புள்ளி வழங்குவோமா?

டிசம்பர் 12ஆம் நாள், ஐ.பி.எம். கம்பனி பென்டியம் பூட்டிய கணினிகளை அனுப்புவதை நிறுத்திற்று. பிழை 24 நாள்களுக்கு ஒருமுறை நேரலாம் என்று அது கணித்தது. ஐ.பி.எம். அறத்தின் பொருட்டு மாத்திரம் இவ்வாறு செய்ததெனக் கொள்வது பேதைமை. இன்டெலுக்குப் போட்டியானதொரு நுண்செயலியை அது தானும் வேறிருவரோடு சேர்ந்து ஆக்கிக்கொண்டிருந்தது. முதலாளித்துவப் போட்டியின் பிளவினூடே மக்கள் குரல் வழி கண்டது என்பதே பொருந்தும். டிசம்பர் 20ஆம் நாள் இன்டெல் மன்னிப்புக் கோரி, கேட்போர் அனைவர்க்கும் கேள்வியின்றி மாற்றித்தர இசைந்தது. 1995 ஜனவரியில் இதன் பொருட்டு 475 மில்லியன் டொலரைக் கணக்கில் ஒதுக்கிற்று. வீட்டில் கணினி வைத்திருந்தோரிற் பெரும்பாலோர் பின்னர் தம் நுண்செயலியை மாற்றிக்கொள்ளவேயில்லை. அவர்கள் கேட்டது தம் தேவையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையையே ஆகும். அது கிடைத்ததும் அமைந்தனர்.

பீபஸ் காலத்து மக்களிடம் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. குறை எங்கே உள்ளது என்பதை எவரும் தம் வீட்டிலேயே ஒரு வகுத்தலைச் செய்து மெய்ப்பித்துக்கொள்ள முடிந்தது. கம்பனியின் ஆய்வுகூடத்துள் அடைபட்டிருந்த அறிவு பொதுச்சொத்தாயிற்று. அதனைப் பொதுச்சொத்தாக்கியவர் ஓர் ஆசிரியர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மூன்றாம் நிகழ்ச்சி இவற்றினும் சிக்கலானது. முன்னைய இரண்டிலும் கம்பனிகள் மக்கள் கருத்தை ஏய்க்கவோ புறக்கணிக்கவோ முயன்றன. இதிலோ மக்கள் கருத்தையே ஆக்கி விநியோகிக்க முயன்ற கம்பனியைக் காண்கிறோம்.

2015ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பேஸ்புக் கம்பனி, ரிலையன்ஸ் கொமியூனிகேஷன்ஸ் என்னும் தொலைபேசிக் கம்பனியோடு சேர்ந்து, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு இந்திய மாநிலங்களில் ஒரு சேவையைத் தொடக்கிற்று. வறியவர்கள் கட்டணமின்றி இணையத்தை அடையலாம் என்றது. ஆனால் அவர்கள் அடையக்கூடியது கம்பனியின் நிபந்தனைக்கு இயைந்த சில தளங்களை மட்டுமே. முதலில் 'இன்டர்நெட் டொட் ஓர்க்' எனப்பட்ட இச்சேவை அவ்வாண்டின் செப்டம்பரில் 'ஃபிரீ பேசிக்ஸ்' எனப் பெயர் மாறிற்று. நூலகத்துக்கு இலவச அனுமதி தருவதாக அழைத்து, ஓர் அலுமாரியை மட்டும் திறந்துவைத்து, அவ்வலுமாரியின் திறப்பைத் தன் மடியிலே செருகிக்கொண்டவனின் தருமம் இது என எதிர்ப்பாளர் கருதினர். எல்லாத் தளங்களும் இணையத்தில் சமமாக நடத்தப்படுதல் வேண்டும் என்னும் கோரிக்கை இளைஞரிடையே பரவிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015 மார்ச்சில் மக்களின் கருத்தைக் கோரியபோது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. எயார்டெல் கம்பனி வகுத்திருந்த அதையொத்த திட்டமொன்றிலிருந்து, மக்களின் கண்டனம் கண்டு, பிளிப்கார்ட் என்னும் வணிகக் கம்பனி ஏப்ரலில் விலகிக்கொண்டது.

டிசம்பரில் அதிகாரசபை மீண்டும், இம்முறை கட்டண வேறுபாடு பற்றியே திட்டமாக, கருத்துக் கேட்டது. பேஸ்புக் இப்போது தன் முழு வலிமையோடும் களத்திலிறங்கிற்று. பத்திரிகைகளில் பெரும் விளம்பரங்கள், வீதிகளில் பதாகைகள், தன் தளத்துக்கு வருவோர் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் பெயரில் அதிகாரசபைக்கு ஆயத்தக் கடிதம் போய்ச் சேரும் ஏற்பாடு. இலட்சக்கணக்கில் கடிதங்கள் போயின. ஆயின் அதிகாரசபை கேட்டது சில திட்டவட்டமான வினாக்களை. அவ்வினாக்களுக்கு அக்கடிதங்கள் விடையளிக்கவில்லை என்பதை அதிகாரசபை எடுத்துக்காட்டிற்று. கலந்தாய்வைத் தலையெண்ணும் வாக்கெடுப்பாக மாற்றும் முயற்சியை அது கண்டித்தது. 2016 பெப்ரவரி 8ஆம் நாள், உள்ளடக்கத்துக்கேற்பத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடைசெய்யும் ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. சில நாள்களில் கம்பனி தன் சேவையை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொண்டது.

இது மாபெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கை கருத்தாகாது, காரணம் காட்டிய கருத்தே கருத்தாகும் என்னும் கோட்பாடு ஓர் அரச நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. எனினும் எதிர்த்தரப்பார் எழுப்பிய ஒரு வினாவை நாம் தட்டிக்கழித்தல் தகாது. "ஒன்றுமே இல்லாதவனுக்கு ஏதேனும் கிடைப்பது மேலன்றோ?" என்று அவர்கள் வினவினர். இவ்வினாவை எழுப்பியவர் தம் இலாபங் கருதியே எழுப்பினர் என்பது உண்மை. ஆனால் வினா பொய்யாகாது. மின்னஞ்சல் எழுதிய பத்து இலட்சம் பேரும் ஏற்கனவே இணையத்தை உடையவர்கள். இல்லாதவர்களின் பெயரால் கம்பனி பேசிற்று, உடையவர்களும் பேசினர், இல்லாதவர் பேசியதாக ஏடுகளில் இல்லை. பூட்டிய அலுமாரியை மறுத்தது நியாயமே. மறுத்தபின், நூலகம் முழுவதையும் திறந்துவிடும் கடமை அரசின் மீதும் மறுத்தவர் மீதும் விழுகிறது.

ஓய்வறையில் விட்டுவந்த கைத்தொலைபேசிக்குத் திரும்புவோம். 2017 டிசம்பரில் அப்பிள் கம்பனி, மின்கலம் பழுதான தன் பழைய கைத்தொலைபேசிகளின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைக்கிறது என ஒப்புக்கொண்டது. தொலைபேசி திடீரென நின்றுபோகாதிருத்தற்கே அவ்வாறு செய்ததாக விளக்கிற்று. இவ்விளக்கத்திலும், குமிழின் ஒளி பற்றிப் பீபஸ் பொறியியலாளர் கூறியிருக்கத்தக்க விளக்கத்தைப் போல, ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆயினும் 2020 பெப்ரவரியில் பிரான்சு நாட்டின் அதிகாரிகள் அக்கம்பனிக்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தனர். பாவனையாளருக்கு அறிவிக்காமையே தண்டத்துக்குக் காரணம். நீடித்து எரிந்த குமிழுக்குக் கம்பனிகள் தமக்குள்ளே தண்டம் விதித்த காலம் போய், மறைத்தமைக்கு மக்களின் சட்டம் கம்பனிக்குத் தண்டம் விதிக்கும் காலம் வந்துள்ளது. இடைப்பட்ட நூறாண்டளவான காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இதுவே. அது கம்பனிகளின் மனமாற்றத்தால் வந்ததன்று. ஸ்டொக்ஹோம் சங்க உறுப்பினரும், லிஞ்ச்பேர்க் கணித ஆசிரியரும், காரணம் காட்டி எழுதிய இந்திய இளைஞரும் படிப்படியாக ஈட்டித் தந்தது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் தொகுத்து நோக்கின் பாவனையாளரின் கருத்துக்கு வலிமை தருவன எவை என்பது புலனாகும். பொருளைப் பற்றிய உண்மை வெளியாதல் வேண்டும். அதை அறிந்தோர் ஓர் அமைப்பாகத் திரளல் வேண்டும். அவ்வமைப்பின் குரலைக் கேட்டுத் தீர்ப்பளிக்கச் சட்டம் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் கருத்து முணுமுணுப்பாகவே எஞ்சும். விலை கொடுத்து வாங்கிய கருத்தாகவும் அது மாறிவிடலாம்.

ஆயின் 'பாவனையாளர்' என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு குறை உண்டு. அது வாங்கியவனை மட்டுமே எண்ணுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றினால் எமது பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே நடந்தன. அக்காலத்தில் நாம் அழைத்த இடாப்பிலே விடை வராத பெயர்கள் பல. தந்தையின் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாவித்த வீடுகள் இருந்தன. அலைத்தொடர்பு தேடிப் பிள்ளைகள் குன்றேறிய மலைநாட்டு ஊர்கள் இருந்தன. தொலைபேசியே இல்லாத வீடுகளும் இருந்தன. அப்பிள்ளைகள் எந்தக் கம்பனியின் எந்தப் பொருளையும் குறைகூறவில்லை. வாங்காதவனுக்கு முறைப்பாடு ஏது? சந்தையின் கணக்கிலே அவர்கள் திருப்தியுற்றவர்களும் அல்லர், அதிருப்தியுற்றவர்களும் அல்லர், அவர்கள் இல்லாதவர்கள்.

ஆகவே அடுத்தமுறை ஓய்வறையில் அம்முறைப்பாடு எழும்போது மணி அடித்தவுடன் அதனை மேசையில் விட்டுவிடாதிருப்போம். எத்தனை பேருக்கு இவ்வாறு நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, திருத்த முடியாதெனச் சொன்னவர் காட்டிய காரணம் யாது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம். நைஸ்லி அவ்வாறே தொடங்கினார். அக்கொப்பியின் முதற் பக்கத்தில், இடாப்பு அழைத்தபோது விடை வராத பிள்ளைகளின் தொகையையும் எழுதிவைப்போம்.